முயல் படம் இருந்தால் போதுமா?

சென்ற இதழில் முகூர்த்த நாள் ஒப்பனை பற்றி எழுதியபோது, விலங்குகளின் மீது சோதித்துப் பார்க்காத பொருள்களை மட்டுமே என் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளைவிட அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்துள்ளன. விலங்குகளின் மீது சோதிக்கவில்லை என்று காட்ட அட்டையில் அச்சிடும் முயல் படத்தைப் பற்றிக் கேட்டவை உட்பட, அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒப்பனைக்கென்று மாதம் 300 ரூபாய்க்கு மேல் என்னால் செலவிட முடியாது. விலங்குகளைத் துன்புறுத்தாத பொருள்தான் வேண்டும் என்று சொன்னால், "அதெல்லாம் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்று தோழிகள் சிரிக்கிறார்கள். என் வசதிக்கு இது நடக்குமா?
— மாணவி ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: நிச்சயமாக நடக்கும். ஒரு லிப்ஸ்டிக்கின் விலையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அதன் பளபளப்பான குப்பி, விளம்பரத்தில் வரும் நடிகை, வணிக வளாகத்தில் அந்தக் கடைக்கு ஆகும் வாடகை ஆகியவையே. உள்ளே இருப்பதோ ஆமணக்கெண்ணெய், மெழுகு, இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகள், சிறிது மணம். பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்து, நன்கு அறியப்பட்ட இந்தப் பொருள்களைக் கலந்து புதிதாக ஒரு நிறத்தை உருவாக்குவதற்கு எந்த முயலையும் கூண்டில் அடைக்க வேண்டியதில்லை. சோதிக்காமல் இருப்பதற்கென்று ஒரு நிறுவனம் தனியாகப் பணம் செலவிடுவதும் இல்லை.

நம் நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளின் மீது சோதிப்பதை இந்திய அரசு 2014ஆம் ஆண்டு மே மாதம் தடை செய்தது. வேறு நாட்டில் அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றை இறக்குமதி செய்வதற்கும் அதே ஆண்டு நவம்பர் முதல் தடை வந்தது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளிலும் அந்தத் தடை தொடர்கிறது. ஆகவே உரிமம் பெற்று இந்தியாவில் தயாரிக்கப்பட்ட 150 ரூபாய் லிப்ஸ்டிக்கையும் 1,500 ரூபாய் லிப்ஸ்டிக்கையும் இந்த விஷயத்தில் ஒரே சட்டம்தான் கட்டுப்படுத்துகிறது. சட்டத்துக்கு வெளியே சில சந்துகள் இருக்கின்றன; அவற்றை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். ஆனால் "மலிவு என்றால் கொடுமை" என்ற கணக்கு தவறு என்பதை உங்கள் தோழிகளிடம் தயங்காமல் சொல்லலாம்.

உங்கள் 300 ரூபாயை எப்படிச் செலவிடுவது? இருபது நிறங்கள் அடங்கிய பெட்டியை வாங்காதீர்கள். அதில் மூன்று நிறம் தீரும், பதினேழு காய்ந்துபோகும். முதல் மாதம் ஒரு கண்மைப் பென்சில் மட்டும் வாங்குங்கள். 100 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் இடையே, விலங்குகளின் மீது சோதிக்கவில்லை என்று அட்டையிலேயே அச்சிட்டு விற்கும் இந்திய நிறுவனங்கள் பல இருக்கின்றன. அடுத்த மாதம், உங்கள் உதட்டின் இயல்பான நிறத்தைவிட ஒரு சாயல் மட்டும் அடர்ந்த லிப்ஸ்டிக் ஒன்றை வாங்கினால், விரல்நுனியில் தொட்டுக் கன்னத்திலும் தடவிக்கொள்ளலாம். தனியாக ரூஜ் தேவைப்படாது. மூன்றாம் மாதம் காம்பாக்ட் எனப்படும் முகப்பவுடர் வாங்கலாம். மூன்று மாதத்தில் உங்கள் கைப்பை நிறைந்துவிடும், அதன் பிறகு ஆறு மாதம் கடைப்பக்கம் போகவே தேவையில்லை.

வாங்கும்போது அதிகபட்ச விலைக்கு அருகே "ஒரு கிராமுக்கு இவ்வளவு" என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 245 ரூபாய்க்கு 3.5 கிராம் தரும் லிப்ஸ்டிக் கிராமுக்கு 70 ரூபாய். 120 ரூபாய்க்கு 1.2 கிராம் தரும் குட்டி லிப்ஸ்டிக் கிராமுக்கு 100 ரூபாய். எப்போதாவது மட்டும் பூசுபவருக்குக் குட்டியே இலாபம், ஏனென்றால் கெட்டுப்போவதற்கு முன் அது தீர்ந்துவிடும். நாள்தோறும் பூசுபவர் பெரியதை வாங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: தயாரிப்பு உரிம எண்ணோ, வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்று எண்ணோ இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் வெளிநாட்டு ஐலைனர் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்தேன். வீட்டு வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தபோது முயல் படம் மட்டும் அழகாக அச்சிடப்பட்டிருந்தது. இறக்குமதியாளர் பெயர் இல்லை, இறக்குமதிப் பதிவுச் சான்று எண் இல்லை, நிறுவனத்தின் பெயரிலேயே ஓர் எழுத்து மாறியிருந்தது. போலியாகப் பெயரை அச்சிடுகிறவருக்கு முயலை அச்சிடுவதில் என்ன சிரமம்?

கேள்வி: ஒரு பொருளில் குதிக்கும் முயல், இன்னொன்றில் இதய வடிவக் காதுகள் கொண்ட முயல், மூன்றாவதில் வெறும் முயல் தலை. இந்தியாவில்தான் சட்டமே இருக்கிறதே, பிறகு இத்தனை முயல்கள் எதற்கு? எதை நம்புவது?
— வங்கி ஊழியர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: முயல் ஏன் சின்னமானது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1944ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ் என்பவர், ஒரு பொருள் கண்ணை எவ்வளவு உறுத்தும் என்பதை அளக்க ஒரு முறையை வெளியிட்டார். வெள்ளை முயலைத் தலை மட்டும் வெளியே நீட்டும்படி ஒரு சட்டகத்தில் பூட்டி, அதன் கீழ் இமையை இழுத்து, அந்தக் குழிக்குள் சோதனைப் பொருளை இட்டு, ஒரு நொடி இமையை மூடிப் பிடித்துவிட்டு, பிறகு நாள்கணக்கில் சிவப்பையும் வீக்கத்தையும் வெண்படலத்தையும் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். மறு கண்ணில் எதுவும் இடமாட்டார்கள். ஒப்பிடுவதற்காக அது விடப்படும். மனிதக் கண்ணைப் போல முயலின் கண் தாராளமாக நீர் சுரந்து உறுத்தலைக் கழுவிவிடாது. முன்னங்காலால் தேய்த்துக்கொள்ளவும் அந்தச் சட்டகம் விடாது. நாம் மஸ்காரா பூசும்போது தூரிகை சற்றுத் தவறிக் கண்ணில் பட்டால் ஓடிப்போய்த் தண்ணீர் அடித்துக்கொள்கிறோம் அல்லவா, அந்த ஒரு வசதிதான் அந்த உயிருக்கு மறுக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு ஹென்றி ஸ்பைரா என்ற ஆசிரியர், ரெவ்லான் நிறுவனம் அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறது என்று கேட்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட வைத்த பிறகே பொதுமக்கள் இதைப் பேசத் தொடங்கினார்கள். அந்த நிறுவனமும் மாற்று முறைகளைத் தேடும் ஆய்வுக்கு 7,50,000 டாலர் கொடுத்தது. இன்று ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனிதத் தோல் அடுக்குகளின் மீதே உறுத்தலைச் சோதிக்கும் முறைகள் உலக அளவில் ஏற்கப்பட்டுள்ளன.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தியச் சட்டம் அழகுசாதனப் பொருளுக்கான சோதனையைத் தடுக்கிறது. ஆனால் ஒரே வேதிப்பொருள் மருந்திலும் வண்ணப்பூச்சிலும்கூடப் பயன்படலாம். அந்தத் துறைகளின் சட்டப்படி அது விலங்குகளின் மீது சோதிக்கப்படலாம். 2013 மார்ச் முதல் விலங்குகளின் மீது சோதிக்கப்பட்ட அழகுசாதனப் பொருள்களின் விற்பனையையே தடை செய்துள்ள ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. தொழிலாளர் பாதுகாப்புக்காக வேதிப்பொருள் சட்டம் கேட்கும் சோதனையை, அந்தப் பொருள் அழகுசாதனத்தில் மட்டுமே பயன்பட்டாலும் செய்யத்தான் வேண்டும் என்று 2023 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சன்ஸ்கிரீனில் சேரும் இரண்டு பொருள்கள் பற்றிய வழக்கு அது. அதோடு, இங்கே சோதிக்காத ஒரு பன்னாட்டு நிறுவனம், சோதனையைக் கட்டாயமாக்கும் நாட்டில் விற்பதற்காக அங்கே சோதனைக்கு ஒப்புக்கொண்டிருக்கலாம். சீனா 2021 மே மாதம் வரை இறக்குமதியாகும் சாதாரண அழகுசாதனங்களுக்கும் அதைக் கட்டாயமாக வைத்திருந்தது. இப்போது உரிய சான்றுகளைத் தருவோருக்கு விலக்கு உண்டு, ஆனால் தலைச்சாயம், சன்ஸ்கிரீன் போன்ற சிறப்புப் பிரிவுக்கு அந்த விலக்கு இல்லை.

சான்றளிக்கும் முயல்களுக்கு இங்கேதான் வேலை. குதிக்கும் முயலான லீப்பிங் பன்னி, ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு மூலப்பொருள் தருபவர்கள் உட்பட யாரும் விலங்குகளின் மீது சோதிக்கவில்லை என்று காட்டும் ஏற்பாட்டை நிறுவனத்திடம் கேட்கிறது; வெளியாரின் தணிக்கைக்கும் உடன்பட வேண்டும். இதய வடிவக் காதுகள் கொண்ட முயல், பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பினுடையது; அது நிறுவனம் எழுதித் தரும் உறுதிமொழியை அடிப்படையாகக் கொண்டது. இரண்டில் முதலாவதே கடுமையானது என்பது என் கருத்து, என்றாலும் இரண்டாவதையும் ஒதுக்கமாட்டேன். எழுதித் தந்த நிறுவனத்தை நாளை கேள்வி கேட்க முடியும். எந்த அமைப்பின் பெயரும் இல்லாத வெறும் முயல் தலை வெறும் படமே. "முழுமையான பொருள் விலங்குகளின் மீது சோதிக்கப்படவில்லை" என்ற வாசகத்தைப் பார்த்தால் அந்த "முழுமையான" என்ற சொல்லில் நின்று யோசியுங்கள். மூலப்பொருள்களைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

தாய் நிறுவனம் பற்றியும் கேட்பீர்கள். நிக்ஸ் நிறுவனத்துக்குப் பீட்டாவின் அங்கீகாரம் இருக்கிறது. ஆனால் அதன் உரிமையாளர், அந்த அங்கீகாரம் இல்லாத லோரியால். 1976இல் அனிதா ரோடிக் தொடங்கிய தி பாடி ஷாப்பையும் 2006 முதல் 2017 வரை லோரியால்தான் வைத்திருந்தது. அத்தகைய நிறுவனத்திடம் வாங்கலாமா என்பதில் நல்லவர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். சோதிக்காத பிரிவின் விற்பனை கூடினால் தாய் நிறுவனம் கவனிக்கும் என்று நினைப்பவள் நான், ஆகவே வாங்குகிறேன். மனம் ஒப்பாதவர்கள் பிளம், டிஸ்கைஸ் போன்ற இந்தியப் பெயர்களைப் பார்க்கலாம்.

முயல் சின்னம் ஒன்றைச் சொல்வதே இல்லை. காம்பாக்ட்டிலும் ஐஷேடோவிலும் மின்னும் மைக்கா பெருமளவு ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களின் சுரங்கப் பகுதிகளிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்கள் மைக்காத் துண்டு பொறுக்குவது நீண்ட காலமாகப் பதிவாகியுள்ள கொடுமை. முயலுக்காக இரங்கும் நாம் நிறுவனங்களுக்கு எழுதும்போது, மைக்கா எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் சேர்த்து எழுத வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சைவம். முயல் படம் போட்ட லிப்ஸ்டிக் என்றால் சைவம் என்று பொருள் கொள்ளலாமா?
— இல்லத்தரசி ஒருவர், திருவையாறு

பதில்: கொள்ள முடியாது அம்மா, இந்தக் குழப்பம் பலருக்கு இருக்கிறது. முயல் சோதனையைப் பற்றிச் சொல்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

கடந்த வாரம் தியாகராய நகரில் ஒரு கடையில், உறவுக்காரப் பெண்ணுக்காக மாதுளை நிற லிப்ஸ்டிக் ஒன்றை எடுத்தேன். முன்புறம் முயல் இருந்தது. பின்புறத்து எழுத்து கடுகைவிடச் சிறியதாக இருந்ததால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரியில், நிறமிகளுக்கு நடுவே, சிஐ 75470 என்று இருந்தது. அது கார்மைன். சப்பாத்திக்கள்ளியின் மீது வெண்பஞ்சு போல ஒட்டி வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியின் பெண்ணினத்தைச் சேகரித்து, உலர்த்தி, நசுக்கி எடுக்கும் சிவப்பு. இன்று பெரும்பாலும் பெரு நாட்டிலிருந்து வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதே பூச்சியை வளர்ப்பதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார் என்பது, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். அந்த லிப்ஸ்டிக்கைத் திரும்ப வைத்துவிட்டு, இரும்பு ஆக்சைடும் செயற்கைச் சிவப்பும் சேர்ந்த வேறொன்றை வாங்கினேன். நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. விலை 60 ரூபாய் குறைவு.

கார்மைன் என்ற பெயரோடு, நேச்சுரல் ரெட் 4 என்றும் இது எழுதப்படும். செரா ஆல்பா என்றால் தேன்மெழுகு, லானோலின் ஆட்டுக் கம்பளியின் கொழுப்பு, ஷெல்லாக் அரக்கு, முத்துப் போன்ற மினுமினுப்புக்காகச் சேர்க்கும் குவானைன் மீன் செதிலிலிருந்து வருவது. சோடியம் டாலோவேட் என்று சோப்பில் இருந்தால் அது கால்நடைக் கொழுப்பு. கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். அட்டையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, நிறுவனத்துக்கு எழுதித்தான் கேட்க வேண்டும்.

உங்களுக்கு எளிய வழி பச்சைப் புள்ளி. உணவுப் பொட்டலத்தில் பார்த்துப் பழகிய அதே புள்ளியைச் சோப்பு, ஷாம்பு, பற்பசை, அழகுசாதனம் ஆகியவற்றிலும் அச்சிட வேண்டும் என்று 2014இல் விதி திருத்தப்பட்டது. கடையில் எல்லாப் பொருளிலும் அது இருப்பதில்லை, ஆனால் இருப்பவற்றை முதலில் பாருங்கள். தேன், தேன்மெழுகு முதலியவையும் கூடாது என்றால் வீகன் என்ற சொல்லைத் தேடுங்கள். அந்தச் சொல்லும் உட்பொருளையே குறிக்கும். ஆகவே உங்கள் வீட்டுக்கு வீகன், முயல் இரண்டும் சேர்ந்து இருப்பதே நிறைவானது.

கேள்வி: நான் சிறிய அழகு நிலையம் நடத்துகிறேன். மணப்பெண் அலங்காரப் பெட்டியை முழுவதும் மாற்ற விரும்புகிறேன். 20,000 ரூபாய் ஒதுக்கியுள்ளேன். எங்கிருந்து தொடங்குவது?
— அழகுக்கலைஞர் ஒருவர், ஈரோடு

பதில்: தூரிகைகளிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் பவுண்டேஷனையும் லிப்ஸ்டிக்கையும் பார்க்கிறார்கள். ஆனால் ஒப்பனைப் பெட்டியில் விலங்கின் உடல் நேரடியாக இருக்கும் இடம் தூரிகைதான். வெள்ளாடு, அணில், மரநாய் வகை விலங்குகளின் முடியில் செய்தவை "இயற்கை முடி" என்ற இனிமையான பெயரில் விற்கப்படுகின்றன. கீரி முடியில் தூரிகை செய்வதும் விற்பதும் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படியும் ஓவியத் தூரிகைகளில் அது பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. கையில் உள்ள தூரிகை எதனால் ஆனது என்று தெரியவில்லையென்றால், ஓர் இழையைப் பிடுங்கிச் சாமணத்தால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடி என்றால் தலைமுடி கருகும் வாடை வந்து சாம்பலாகப் பொடியும். நைலான் வகை என்றால் உருகிச் சுருண்டு கடினமான மணியாகத் திரளும். செயற்கை இழைத் தூரிகைகள் திரவப் பவுண்டேஷனைக் குடிக்காது, சோப்பில் கழுவினால் விரைவாகக் காயும். ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் பார்ப்பவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நீங்களே அறிவீர்கள். பன்னிரண்டு தூரிகைகள் கொண்ட நல்ல தொகுப்புக்கு 3,000 ரூபாய்க்குள் ஒதுக்கினால் போதும். பொய் இமைகளையும் பாருங்கள். மிங்க் என்று எழுதியிருந்தால் அது ஒரு விலங்கின் முடி, செயற்கை இழை இமை அதைவிட மலிவு.

அடுத்து, பாதித் தொகையைப் பவுண்டேஷனுக்கும் கன்சீலருக்கும் வையுங்கள். மணமேடையில் ஓமப்புகைக்கும் வியர்வைக்கும் தாங்க வேண்டியது அதுதான், அங்கே சிக்கனம் கூடாது. நம் பக்கத்து மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் பொருந்தும் நான்கைந்து சாயல்களை வாங்கிக் கலந்து பயன்படுத்தினால் பத்துக் குப்பிகளின் வேலை நடக்கும். ஐஷேடோ, லிப்ஸ்டிக், பவுடர் ஆகியவற்றில் விலை குறைந்தவற்றையே வாங்கலாம், வித்தியாசத்தைப் புகைப்படக் கருவிகூடக் கண்டுபிடிக்காது. பழையவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். தீரத் தீர மாற்றினால் இந்தத் தொகையே ஓராண்டுக்கு வரும். வாடிக்கையாளரிடம் "இதில் விலங்குச் சோதனை இல்லை" என்று சொல்லும்போது சான்றளித்த அமைப்பின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வரும்போது அங்கிருந்து வாங்கி வருகிறேன் என்கிறாள். அது நம்மூர்ப் பொருளைவிட நம்பகமானதா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, காரைக்குடி

பதில்: கனடாவும் 2023 டிசம்பர் 22 முதல் இந்தச் சோதனையைத் தடை செய்துவிட்டது. அந்த வகையில் இரண்டு நாடுகளும் ஒன்றே. நம் தடை அதைவிட ஒன்பது ஆண்டுகள் மூத்தது. அங்கே மலிவாகக் கிடைக்கும் எல்ஃப் போன்றவை நல்லவையே. ஆனால் அங்குள்ள வெளிர்நிறச் சாயல்கள் நம் தோலுக்குச் சாம்பல் பூசியதுபோல் தெரியும்; பவுண்டேஷனை மட்டும் இங்கே, பகல் வெளிச்சத்தில், தாடை ஓரத்தில் தடவிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: விளக்குக் கரியில் என் பாட்டி செய்த கண்மையில் எந்த உயிருக்கும் துன்பமில்லை. அதையே குழந்தைக்கும் எனக்கும் செய்துகொண்டால் என்ன?
— இளம் தாய் ஒருவர், நாகர்கோவில்

பதில்: எந்த விலங்கையும் வருத்தாதது என்பதும் கண்ணுக்குத் தீங்கில்லாதது என்பதும் வெவ்வேறு. பாட்டியின் கண்மையின் மீது எனக்கும் பாசம் உண்டு. அகல் விளக்கின் மேல் கவிழ்த்த தட்டில் படிந்த கரியை ஆமணக்கெண்ணெயில் குழைக்கும் அந்த வாசனை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் கைக்குழந்தையின் கண்ணில் எந்த மையும் இட வேண்டாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். விரலில் உள்ள கிருமி போதும், கண் சீழ்ப்பிடிக்க. திருஷ்டிக்காகவென்றால் உள்ளங்காலில் ஒரு புள்ளி வையுங்கள். சந்தையில் பெயரில்லாமல் விற்கும் சுர்மா, மை வகைகளில் ஈயம் இருந்தது பலமுறை கண்டறியப்பட்டுள்ளதால் அவற்றை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

கேள்வி: இனிமேல் சோதிக்காத பொருள்களையே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றை என்ன செய்வது? தொடவே கூசுகிறது.
— வாசகி ஒருவர், மதுரை

பதில்: உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவற்றை எறிவதால் எந்த உயிரின் வலியும் திரும்பப் போவதில்லை. அந்த நிறுவனத்துக்குப் போக வேண்டிய பணமும் போய்விட்டது. தீரும்வரை பயன்படுத்துங்கள், அல்லது திறக்காதவற்றை வேண்டுபவருக்குக் கொடுங்கள். அந்த நிறுவனத்துக்கு நான்கு வரி எழுதி, நீங்கள் ஏன் விலகுகிறீர்கள் என்று சொல்லுங்கள். நான் அப்படி எழுதியவற்றில் சிலவற்றுக்குப் பதில் வந்திருக்கிறது. குப்பியின் அடியில் திறந்த மூடி போன்ற சிறிய படமும் அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதங்கள் என்று பொருள். அதைத் தாண்டியவற்றை வைத்திருக்க வேண்டாம். கடந்த தீபாவளிக்குத் திறந்த மஸ்காரா இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் இன்றே குப்பையில் போட்டுவிடுங்கள்.